டாங்கிகளுக்குப் பின்னால் ஒரு வெந்நீர்க் குழாய்

கச்சாச் செம்பனை எண்ணெய் ஒரு சோம்பேறி. சூடு குறைந்தால் போதும், இருந்த இடத்திலேயே உறைந்து படுத்துவிடும். அதை எழுப்பி வைக்கத்தான் எங்கள் தோட்டத்து ஆலையின் எண்ணெய் டாங்கிகளுக்குள் நீராவிக் குழாய்கள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. வேலை முடிந்த நீராவி வெந்நீராகி, பின்வேலிக்கு வெளியே ஒரு குழாயில் சலசலவென்று விழும். சுத்தமான நீர். லொங்காங் என்கிற வடிகால் வழியாகக் கோலா சாவா பக்கத்து ஆற்றுக்குப் போய்விடும்.

டாங்கிகளையும் அங்கிருந்து வெளியேறும் தண்ணீரையும் கவனிப்பது என் வேலை. ஓரிடத்தில் நிற்காத கால்களுக்கு வாய்த்த வேலை. வெயில், மழை, பழ வாசனை, பம்பின் முனகல் எல்லாவற்றோடும் நடந்துகொண்டே இருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து ஓர் இளம் அதிகாரி சொல்லாமல் வந்து இறங்கினார். நம் தமிழ்ப் பெண். நேராக லொங்காங்கைக் குனிந்து பார்த்தார். தண்ணீர்மேல் வானவில் நெளிந்தது.

"அண்ணே, டாங்கி ஒழுகுதா?"

"இல்ல மேடம். நேத்துதான் சுத்திப் பாத்தேன்."

"நேத்து ஒழுகல. இன்னிக்கு?"

"ஒழுகினா செவப்பா, கட்டி கட்டியா மிதக்கும் மேடம்."

"இருக்கலாம். எங்கேருந்து வருதுன்னு தெரியற வரைக்கும் டாங்கில எண்ணெய் ஏத்தாதீங்க."

பழம் கொட்டும் பருவம். வாசலில் லாரிகள் வரிசை பிடித்து நின்றன. டாங்கிக்கு எண்ணெய் ஏறாவிட்டால் மதியத்துக்குள் ஆலை நிற்கும். குலைகள் குவிந்த இடத்திலேயே அழுகும்.

வானவில்லைப் பிடித்துக்கொண்டு லொங்காங் ஓரமாகவே மேலே நடந்தோம். போகப் போகப் படலம் தடித்தது. பிறகு ஒரு வாசனை வந்தது. ஆலையின் வாசனை இல்லை, நல்லெண்ணெய், புளி. கருகிய திரி ஒன்று எங்களைக் கடந்து மிதந்து போனது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் திரியைப் பார்த்தேன்.

வேலி திரும்பும் இடத்தில், வெந்நீர்க் குழாயடியில், கோயில் விளக்குகளைப் பரப்பி வைத்துப் பெண்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் மனைவி.

"இங்கயா வெளக்கு கழுவுற?"

"பச்சத் தண்ணில பிசுக்கு போவுமா? நீங்கதான வீட்டுல சொன்னீங்க, நல்ல வெந்நி சும்மா வீணாப் போவுதுன்னு!"

குழாயடியே சிரித்தது. அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சாமி வெளக்கா இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான்கா. ஆத்துல மீன் இருக்குல்ல."

"மீனுக்கும் கொஞ்சம் பக்தி வரட்டும்லா!" என்றாள் ஒருத்தி.

ஆனாலும் அதிகாரி சிரிப்பை நம்பி முடிவெடுக்கவில்லை. கழுவுவதை நிறுத்தச் சொன்னார். தண்ணீரைப் புட்டியில் பிடித்தார். டாங்கிகளின் அடிவிளிம்பை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்தார். கை காய்ந்தே வந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது லொங்காங்கில் வானவில் கலைந்து, வெறும் வானம் ஓடியது.

"ஏத்துங்கண்ணே," என்றார். பம்ப் முனகியது. இத்தனை இனிமையாக அது ஒருநாளும் முனகியதில்லை.

"அப்ப எங்க வெந்நி?" என்றாள் மனைவி. எல்லாக் கண்களும் அதிகாரிமேல்.

"எண்ணெய் பிரிக்கிற தொட்டிக்குப் போற மாதிரி அண்ணன் வழி பண்ணுவாரு. அது வரைக்கும் கூடாதுக்கா."

பண்ணாமல் வீட்டில் சோறு கிடைக்குமா? குழாயைத் திருப்பினேன். அடியில் சிமெண்டு மேடை கட்டி, கழுவிய நீர் தொட்டிக்குள் விழ வாய்க்கால் போட்டேன். மேடை அகலம் போதாது என்று மனைவி மறுபடி இடிக்க வைத்தாள்.

அடுத்த முறையும் அதிகாரி ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தான் வந்தார். லொங்காங்கைக் குனிந்து பார்த்தார். செம்பனை ஓலை நிழல் மட்டும் ஆடியது. தலையசைத்தார்.

மேடையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "வந்தது வந்த, அந்தப் பெரிய குத்துவெளக்க இப்படித் தூக்கிக் குடும்மா!"

அதிகாரி புட்டியை என் கையில் திணித்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.