தைத்த கண்

என் வலது கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்ப்பவன் என்பதால் நெருப்புப் பொறி பட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

ஷிப்ட் முடிந்தால் ஏரிக்கரையில் உட்கார்ந்து பறவைகளை வரைவேன். கூண்டில் அடைத்ததை வரையமாட்டேன் என்கிற வீம்பு வேறு. ஒருநாள் ஒருவர் வீடு தேடி வந்தார். பெரியபாளையம் சாலையில் ஒரு ரிசார்ட், அதன் குளத்தில் நிறுத்தத் தெர்மோகோலில் பன்னிரண்டு கொக்கு வேண்டும் என்றார். ஒரு மாதம் உட்கார்ந்து செய்தேன். மஞ்சள் கண்ணில் கருமணியை வைத்ததும் ஒவ்வொன்றும் என்னையே பார்த்தது. “உசிரு கீது சார்” என்று அவர் வாங்கிப்போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழை விட்டபின் ஏரிக்குப் போனேன். என் கொக்குகள் தண்ணீரில் நின்றிருந்தன. வானத்தில் போன நிஜக் கொக்குகள் அவற்றை நம்பி இறங்கி, சுருக்குக் கண்ணியில் கால் மாட்டித் துடித்தன. அதே ஆள் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு இறக்கைகளையும் முதுகுப் பக்கம் முறுக்கிச் சாக்கில் போட்டான். இனி அவனை ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை. எலும்பு முறியும் சத்தம் கரைவரை கேட்டது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இறங்கிப்போய் அவன் முகத்தில் குத்தினேன். விழுந்தவனைத் தூக்கி மறுபடி குத்தினேன். சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். ஒன்றுகூடப் பறக்கவில்லை.

அவன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “இன்னாத்துக்கு சார் அடிக்கிற? முன்னாடி உசிரோட ஒரு கொக்க புட்ச்சி, கண்ண தெச்சி, இங்க கட்டி வெப்பேன். அத்த பாத்து மத்ததுங்கோ எறங்கும். உன் பொம்ம வந்தப்புறம் அந்தப் பாவத்த உட்டுட்டேன்.”

எனக்கு அது காதில் ஏறவில்லை. பன்னிரண்டையும் மிதித்து நொறுக்கிவிட்டுத்தான் கரையேறினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன், அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரு கொக்கு தனியாக நின்றது. ஒன்றை உடைக்காமல் விட்டுவிட்டோமோ என்று தண்ணீரில் இறங்கினேன். கிட்டே போனதும் அது கழுத்தைத் திருப்பியது. இரண்டு இமைகளும் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தன.

பென்சில் சீவும் பிளேடால் கால் கயிற்றை அறுத்தேன். அதை மார்போடு அணைத்துக்கொண்டு இமை நூலை அறுத்தேன். கண் திறந்ததும் அது முதலில் பார்த்தது என் முகத்தை. பார்த்த மாத்திரத்தில் குத்தியது. ஒரு விரற்கடை தவறியிருந்தால் என் கண் போயிருக்கும்.

அதைப் பறக்க விட்டுவிட்டு, ரத்தம் ஒழுகக் கரைக்கு வந்தேன். அவன் அங்கே குந்தியிருந்தான். உதட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை.

“பொம்மயே செஞ்சி குட்த்துடேன் சார்” என்றான்.

அவனை அடிக்க எனக்குக் கை எழவில்லை.