பத்தாம் நம்பரின் சதகா

“நானா, நீங்க சொன்னதுதான் சரி! கடைசியில சதகா குடுத்துட்டான்!”

கண்டியில் ஆட்டம் முடிந்ததும் மைதான வாசலில் நின்று போனில் நான் கத்தியது இது. மறுமுனையில் இருந்த ரசீன் நானாவின் மகன் மெதுவாகச் சொன்னான். “அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க.” நானா இறந்துவிட்டார்.

மாத்தளை டவுனில் சீமெந்தும் பெயின்றும் விற்ற ரசீன் நானாவை உங்களில் பலருக்குத் தெரியும். அதிகம் பேசாதவர் என்று நினைத்திருப்பீர்கள். ரக்பி ஆட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணம் போயிருக்கும். தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து கந்தோரில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்த எனக்கு, கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சில்லாத இந்த ஊரில், ரக்பியைத் தமிழில் பேசக் கிடைத்த ஒரே மனிதர் அவர்; எனக்கு அண்ணன் முறையில் நானா.

கண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் பழக்கமானோம். எங்கள் அணி தோற்ற எரிச்சலில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். முன் ஸீட்டில் இருந்தவர் முழு உடம்பையும் திருப்பினார். “தம்பி, அந்தப் பத்தாம் நம்பரையா ஏசுறீங்க? நல்லா ஏசுங்க.” நான் ஏசியது நடுவரை. பத்தாம் நம்பர் சட்டைக்காரன் எனக்குப் பிடித்த ஆட்டக்காரன். வழியில் அக்குறணையில் தொடங்கிய வாக்குவாதம் மாத்தளையில் இறங்கிய பிறகும் முடியவில்லை. அதன்பின் வருடக்கணக்காக அதே வாக்குவாதம்தான்.

ஓட இடமிருக்கும்போதும் பத்தாம் நம்பர் பந்தை உயர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுகிறான் என்பது நானாவின் குற்றச்சாட்டு. இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் தர்மத்தை முஸ்லிம் வீடுகளில் சதகா என்பார்கள். நானா அந்த உதைக்கும் அதே பெயரை வைத்தார். “பாருங்க, சதகா குடுக்கிறான்! அவன்ட வாப்பாட பந்தா அது?” என்று எழுந்து நின்று கத்துவார்.

“பந்தை எதிரணிப் பக்கம் தள்ளி இடம் பிடிக்கத்தான் உதைக்கிறான் நானா” என்பேன்.

“இடம் பிடிக்க அவன் என்ன காணிக் கந்தோர்லயா வேலை செய்றான்?”

உண்மையில் அந்தப் பையனின் முடிவெட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. நானா நியாயவான் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை.

ஆனால் அவர் ஆட்டம் பார்க்கும் விதமே தனி. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி ட்ரை போட்டதும் நாங்கள் எல்லோரும் பந்தோடு விழுந்தவனுக்குக் கை தட்டுவோம். நானா பின்னால் பார்ப்பார். “அங்க ஒருத்தன் எழும்ப ஏலாம கெடக்கிறான் பாருங்க. அவன்தான் வழி தொறந்தது.” அவன் எழுந்து நிற்கும்வரை தானும் உட்காரமாட்டார்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. நெஞ்சு அழுத்துகிறது என்றார். “நான் வீட்ல டீவில பார்க்கிறேன். நீங்க போய் உங்கட ஆளைக் காப்பாத்துங்க.” தனியாகப் போனேன். முடியும் தறுவாயிலும் நாங்கள்தான் முன்னால். பந்தும் எங்களிடம். பிடித்து வைத்திருந்தாலே போதும். பத்தாம் நம்பர் உதைத்தான். எதிரணி அதைப் பிடித்து ஓடிவந்து ட்ரை போட்டுவிட்டது. அணி தோற்ற கவலையைவிட, நானாவிடம் நான் தோற்றதைச் சொல்லும் அவசரம்தான் எனக்கு. அவர் அதைக் கேட்டு எப்படிக் குதிப்பார் என்று நினைத்துக்கொண்டேதான் போனை எடுத்தேன்.

அவர் இடைவேளையிலேயே போய்விட்டாராம். அப்போது நாங்கள் வென்றுகொண்டிருந்தோம்.

அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓதிய அன்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சோற்றுப் பார்சல்களை அடுக்கிக்கொண்டிருந்த மகன் சொன்னான். “வாப்பா பேருல சதகா குடுக்கிறோம் அங்கிள்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “என்ன அங்கிள்?” என்றான். பத்தாம் நம்பரைப் பற்றியும் அந்த உதையைப் பற்றியும் முழுதாக விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஓ” என்றான். நானா இல்லை என்பது அந்த “ஓ”வில்தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

பத்தாம் நம்பர் இன்னும் ஆடுகிறான், இன்னும் உதைக்கிறான். நானும் போகிறேன். அவன் உதைக்கும்போது எழுந்து நின்று “சதகா” என்று கத்துகிறேன். நானா எனக்கு விட்டுப்போன சொல் அது. அது சதகா இல்லை என்று சண்டை பிடிக்கத்தான் ஆளில்லை.