செவ்வாய்க்கிழமைகளில் கெட்டுப்போகும் தண்ணீர்

மீன் தொட்டித் தண்ணீரைச் சோதிப்பவளை, மீன் நன்றாக இருக்கும்போது யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் தொட்டி வைத்து, காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் எது நீந்துகிறது, எது மிதக்கிறது என்று ஓடிப்போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் நாய் வளர்ப்பவர்களாக இருப்பார்கள். அவர்களுடைய துக்கம் வேறு.

நான் வேதியியல் படித்தவள். கல்லூரி வாய்மொழித் தேர்வில் எல்லாப் பதில்களையும் தேர்வாளரின் செருப்பைப் பார்த்தே சொல்லித் தேறியவள். புனேயில், கோர்படியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வண்ணமீன் கடை இருந்தது. அதன் முதலாளி ஷாலினி மேடம் மூச்சு விடாமல் மராட்டி பேசுவார். "பின்னறையில உட்கார்ந்து தண்ணியைச் சோதிச்சாப் போதும், யார்கிட்டயும் பேச வேண்டாம்" என்று அவர் சொன்ன அந்த நிமிடமே வேலைக்கு ஒப்புக்கொண்டேன். இரண்டாவது வாரம் ஒரு பெட்டியில் மருந்துச் சீசாக்களையும் கண்ணாடிக் குழாய்களையும் அடுக்கிக் கையில் கொடுத்து, வீடு வீடாகப் போய் வரச் சொன்னார். பின்னறை என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டேன்.

"தண்ணி நடந்து வராதும்மா, நீதான் அதுகிட்டப் போகணும்!"

மரியாதை

கடைக்குப் பக்கத்திலேயே ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய ஏஞ்சல் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வரச் சொன்னோம். கொண்டுவந்தார். சோதித்தால் ஒரு குறையும் இல்லை. மறுநாள் இன்னொரு மீன் போயிற்று, இன்னொரு பாட்டில் வந்தது. அதுவும் பளிங்கு. எனக்கு என் மருந்துகள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். தொட்டி ரசம் போல இருந்தது. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் குடிநீர் ஃபில்டரின் மூடி திறந்திருந்தது. கொதித்த தண்ணீரில் நான் தேடுகிற நஞ்சு, அந்த அமோனியா, எங்கே நிற்கும்? "சார், இது... காய்ச்சி வடிகட்டியா குடுத்தீங்க?" என்றேன். சுபேதார் நிமிர்ந்து நின்றார். "பின்ன? அழுக்குத் தண்ணிய அப்படியே ஒரு பொம்பளப் புள்ள கையில குடுக்கிறதா? ஆர்மில எங்களுக்கு அப்படிச் சொல்லித் தரலம்மா."

உள்ளறையிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: "எந்த ஃபில்டர்லங்க ஊத்தினீங்க? அப்ப இந்த வாரம் பூரா நாம குடிச்சது என்ன?"

பச்சை விளக்கு

தொட்டி வைத்திருப்பவர்களே, ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மீனின் கழிவும் மிச்ச இரையும் அழுகினால் தண்ணீரில் அமோனியா சேரும். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றிச் சொட்டு மருந்து விட்டால், மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையானால் கெட்டது. இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் வாழ்க்கையில் ஒருமுறைகூட டிராஃபிக் சிக்னலில் நின்றிருக்க மாட்டார்.

கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர், பட்டறையிலேயே ஒரு மூலையில் தொட்டி வைத்திருந்தார். நான் குழாயைத் தூக்கிக் காட்டினேன். அது நன்றாக விளைந்த வெண்டைக்காய் நிறத்தில் இருந்தது. "அரே வா! கிரீன் சிக்னல்!" என்று அவர் சந்தோஷமாக எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார். "இல்லை, பச்சை நல்லதில்லை" என்றேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டி, இந்தியில், "உங்க தண்ணி நாறிப்போச்சு!" என்று நான் கத்தவும், பட்டறையில் அத்தனை மெஷினும் நிற்கவும் சரியாக இருந்தது. கரண்ட் போய்விட்டது. வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்தத் தொட்டிக்குள்ளேயே குதித்துவிடலாம் போல இருந்தது.

அவர் டீயை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "மேடம், இத்தனை பேர் முன்னாடி என் பெண்டாட்டிகூட என்னை இப்படித் திட்டினதில்லை."

சாந்தியும் வசந்தியும்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்றால் மகர்பட்டாவில் கோமதி அக்கா வீடு. உயரமான கட்டடத்தில் உயரமான மாடி. கணவருக்குச் சாஃப்ட்வேர் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். கோமதி அக்கா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்தியும் வராது, மராட்டியும் வராது. லிஃப்டில் யாராவது சிரித்தால் இவரும் சிரிப்பார். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது. கணவர் துணைக்கு ஒரு தொட்டியும் இரண்டு தங்கமீன்களும் வாங்கிக் கொடுத்திருந்தார். அவற்றுக்குச் சாந்தி, வசந்தி என்று பெயர். இரண்டும் அக்காவின் நாத்தனார்களின் பெயர்கள். "நேர்ல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாதுங் அம்மிணி. இங்க ஆசை தீரத் திட்டிக்கறேன்" என்பார். ஆனால் திட்டி நான் கேட்டதில்லை. "வசந்தி, சாப்டியா?" என்றுதான் கேட்பார்.

புதுத் தொட்டியில் ஆரம்பத்தில் தண்ணீர் கெடுவது வழக்கம். வாரா வாரம் போய்ச் சோதித்து, பாதித் தண்ணீரை மாற்றி வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை குழாய் அழகான மஞ்சளில் நின்றது. "இனிமே மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். எங்கள் தொழிலில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. அக்கா, "அப்படிங்களா" என்று மட்டும் சொல்லி, காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரமே அக்காவிடமிருந்து கடைக்குப் போன், தண்ணீர் சரியில்லையாம். போய்ப் பார்த்தால் பச்சை. அதற்கடுத்த செவ்வாயும் பச்சை. வீடோ, தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். டேங்கர் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், ஃபில்டர் பஞ்சைச் சந்தேகப்பட்டேன். வசந்தியின் துடுப்பில் ரத்தக் கோடுகள் தெரிய ஆரம்பித்தன. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். இப்படியே போனால் அவள் பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கொஞ்சம் அதிகமா இருக்குக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஷாலினி மேடத்திடம் சொன்னபோது அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "மத்த வீட்டுத் தண்ணியெல்லாம் கெட்டுப்போறதுக்குக் காரணம் இருக்கு. இந்தத் தண்ணி என்ன, கிழமை பார்த்துக் கெடுதா?"

அடுத்த வருஷம்

இதற்கிடையில் கணபதி உற்சவம் வந்தது. புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று. வங்கியில் வேலை பார்க்கும் அப்பா, பள்ளிக்கூட ஆசிரியை அம்மா. வீட்டில் வைத்த களிமண் பிள்ளையாரை ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். வெளியே கொட்டுகிற மழை, நகராத டிராஃபிக். சார் நாலாபக்கமும் பார்த்தார். கூடத்தில் ஒரு பெரிய தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஆரத்தி எடுத்து, முழு மரியாதையோடு பிள்ளையாரை அதிலேயே இறக்கிவிட்டார்.

நான் போனபோது தொட்டியில் ஃபில்டர் காபி இருந்தது. உள்ளே மீன் இருப்பதற்கு அடையாளமாக அவ்வப்போது ஒரு குமிழி வந்தது. சோதிக்கவே வழியில்லை, அந்தக் கலங்கலில் எந்த மருந்து எந்த நிறம் காட்டும்? "முதல்ல சிலையை வெளிய எடுத்துடலாம்" என்று சொல்லி வலையை எடுத்தேன். டீச்சர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏய், ருக்கோ ருக்கோ! விசர்ஜன் ஆயாச்சு, கரைச்சாச்சு!" பிள்ளையாரை விட்டுவிட்டு மீன்களை மட்டும் துழாவி எடுத்து, வாளிக்கு மாற்றினேன். சார் ஓரமாக நின்று, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர் போல மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் பொறுமையாக எனக்கு விளக்கினார்: "அடுத்த வருஷம் சீக்கிரம் வாப்பான்னு இப்பத்தானே கத்தி அனுப்பி வெச்சோம்? அதுக்குள்ள நீ வலை போட்டு இழுத்தா அவர் என்ன நினைச்சுப்பார்?"

திங்கட்கிழமை

அந்த வருஷம் ஊர் முழுக்கக் கணபதிகளைக் கரைக்கும் பெரிய நாள் செவ்வாய்க்கிழமை வந்தது. பாதி சாலைகளை மூடிவிடுவார்கள் என்பதால், மேடம் என்னைத் திங்கட்கிழமை காலையிலேயே மகர்பட்டாவுக்கு அனுப்பினார். போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொன்னவர் வழக்கம்போல மறந்துபோனார். மணியை அடித்தேன். கதவைத் திறந்த கோமதி அக்கா என்னையும் பெட்டியையும் பார்த்து முழித்தார். நான் நேரே தொட்டிக்குப் போய், தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சள். ஏறக்குறைய சுத்தமான மஞ்சள்! சந்தோஷத்தில் திரும்பினால், அக்காவின் முகம் பேயறைந்தது போல இருந்தது.

"சொல்லாமக் கொள்ளாமத் திங்கக்கெழமையே வந்துட்டீங்களே அம்மிணி, நான் இன்னும் சோறே போடலீங்களே!"

சோறு

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. மெதுவாக வெளியே வந்தது கதை. ஒவ்வொரு திங்கட்கிழமை மத்தியானமும் ஒரு கைப்பிடி சோற்றைப் பிசைந்து, தொட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கோட்டைக்கு அடியில் வைத்துவிடுவாராம். செவ்வாய்க்கிழமை நான் வருவதற்கு முன்னால் வழித்து எடுத்துவிடுவாராம். என்ன இருந்தாலும் வீட்டுக்கு ஒருத்தர் வரும்போது குப்பையாக இருக்கலாமா? "தண்ணி நல்லா ஆயிட்டா மாசம் ஒருக்காதான் வருவீங்கன்னு சொன்னீங்கள்ல. மாசம் பூரா நான் யாருகிட்டங்க பேசறது?" என்றார்.

நான் பேசுகிறவளே இல்லை. அந்த வீட்டில் அதுவரை நான் சொன்னதெல்லாம், "ம்", "ஆமாக்கா", "காபி போதும்க்கா" என்பவைதான். அதைக் கேட்பதற்காக ஒருவர் சோறு வைத்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வசந்தியைப் பார்த்தால் பயமும் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவருடைய முகத்தைப் பார்த்து நீளமாகப் பேசினேன். அந்தப் பச்சை வெறும் நிறம் இல்லை, மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தால் நமக்கு எப்படியோ அப்படி மீனின் செவுளை எரிக்கும், வசந்தி மேலே வந்து வாயைத் திறப்பது பசியில் இல்லை, மூச்சுக்கு, இன்னும் இரண்டு சோற்றுக் கவளத்தில் அவள் செத்துப்போவாள் என்றெல்லாம் சொன்னேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சாமி! உங்க கொழாயில கலரு மட்டுந்தான் மாறுமுன்னு நெனச்சனுங்க." ஓடிப்போய்த் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, "அடி வசந்தி, நாத்தனாரை இப்படியாடி பழி வாங்குவாங்க" என்று அழுதார்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து பாதித் தண்ணீரை மாற்றினோம். குளோரின் போவதற்கான சொட்டை அக்காவே விட்டார். கொஞ்ச நாளைக்கு இரையே கூடாது என்றேன். பெட்டியை மூடிக்கொண்டே, இன்னும் ஒன்றையும் சொன்னேன். அன்றைக்குச் சொன்னவற்றில் அதுதான் கஷ்டமாக இருந்தது. "தண்ணி நல்லா இருந்தாலும் செவ்வாய்க்கிழமை வரேன்க்கா." வாசல் வரை வந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மெல்லக் கேட்டார்:

"நல்லா இருந்தா அப்புறம் எதைங்க டெஸ்ட்டு பண்ணுவீங்க?"

மஞ்சள்

அடுத்து நான் போவதற்குள் அக்கா எத்தனை முறை கடைக்குப் போன் செய்தார் என்பதை மேடத்திடம்தான் கேட்க வேண்டும். மேடத்துக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு மராட்டி தெரியாது. "வசந்தி" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இருவரும் நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் பயந்துகொண்டேதான் மணியை அடித்தேன். கதவு திறக்கும் முன்பே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது: "சாந்தியோட வாலைக் கடிச்சுப்புட்டா! வசந்தி சாந்தியக் கடிச்சுப்புட்டாளுங்க அம்மிணி! நல்லா ஆயிட்டா!" உண்மைதான். துடுப்பில் ரத்தக் கோடுகள் மங்கியிருந்தன. வசந்தி தொட்டி முழுக்கச் சாந்தியை விரட்டிக்கொண்டிருந்தாள். குழாய் மஞ்சள். அதற்கு அடுத்த வாரமும் மஞ்சள், அதற்கு அடுத்ததும் மஞ்சள். அக்கா மாமியார் வீட்டுக் கதை சொன்னார். நான் கல்லூரிக் கதை சொன்னேன். அந்தத் தேர்வாளரின் செருப்பு என்ன நிறம் என்பதுகூட அக்காவுக்குத் தெரியும். காபி ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறியது.

ஒரு நாள் நான் கடைக்குத் திரும்பியபோது ஷாலினி மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். என்னை நிற்க வைத்துக் கேட்டார்:

"கெட்ட தண்ணின்னா ரெண்டே வார்த்தையில சொல்லிட்டு ஓடி வருவே, நல்ல தண்ணியை நல்ல தண்ணின்னு சொல்லவா உனக்கு ஒரு மத்தியானம் பூரா ஆகுது?"

தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு மருந்து, அமோனியா இருந்தால் ஒரு மருந்து, ஆனால் பேச ஆரம்பித்துவிட்ட கூச்சக்காரியை நிறுத்துவதற்கு மட்டும் எங்கள் கடையில் எந்தச் சீசாவும் இல்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது.