காரணமில்லாத ஒரு விமானப் பயணம்

எங்கள் வீட்டில் யாரும் சும்மா விமானம் ஏறியதில்லை. மாமா உயிருக்குப் பயந்து ஏறினார். பிறகு அவர் எங்களைத் தன் பொறுப்பில் மொன்றியலுக்கு எடுப்பித்தபோது அம்மாவும் நானும் ஏறினோம். அதற்குப் பிறகு அம்மா ஏறியது ஒரே ஒருமுறை, லண்டனில் சின்னம்மாவின் செத்தவீட்டுக்கு. ஊர் பார்க்கவும் நன்றாகச் சாப்பிட்டுப் படுத்து எழும்பவும் விமானம் பிடிப்பவர்கள் வேறு ஆட்கள் என்றுதான் நினைத்திருந்தோம்.

அந்த வழக்கத்தை நான் உடைக்கப் பார்த்தேன். மெக்சிகோ சிட்டி. இங்கிருந்து நேரே ஐந்து மணித்தியாலம் சொச்சம். வியாழன் போய்த் திங்கள் திரும்பலாம். மார்ச் மாதத்தில் எங்கள் தெருவோரப் பனி கரியும் மண்ணுமாகக் கிடக்கும்போது அங்கே வீதியெல்லாம் ஊதா நிறத்தில் மரங்கள் பூத்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து, பல்கலைக்கழகமும் முடித்தவள் நான் ஒருத்திதான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அதுவும் இங்கே வந்து பழகியது. எதையும் வாசித்து, யோசித்து, ஒழுங்காகத் திட்டம் போட்டால் நடத்திவிடலாம் என்பது என் நம்பிக்கையாக இருந்தது. அந்தப் பயணத் திட்டத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

நான் மார்ச் மாதத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் பூ அல்ல. அண்ணாவின் பிறந்தநாள் மார்ச்சில் வருகிறது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவன் காணாமல் போனான். அப்போது நான் சின்னப்பிள்ளை. ஒவ்வொரு வருடமும் அவனுடைய பிறந்தநாளையொட்டிய ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் அவன் பெயரைக் கொடுத்து ஒப்புக்கொடுப்பார். பூசை தொடங்குமுன் பெயர்களை வாசிப்பார்கள். முதலில் உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்காக, பிறகு இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. அண்ணாவின் பெயர் எப்போதும் முதல் வரிசையில் வரும். கோயிலில் உள்ள எல்லோருக்கும் எங்கள் கதை தெரியும். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அன்று பின்னேரத்திலிருந்து அம்மா பேச்சைக் குறைத்துவிடுவார். பிறகு கிழமைக்கணக்கில் சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பார்.

அண்ணா உயிரோடு இருக்கிறான் என்று நான் நம்பவில்லை. அதை அம்மாவிடம் சொன்னதுமில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு ஞாயிறு. ஒரே ஒரு வருடம் அம்மா அந்தக் கோயில் வாங்கில் இருந்து அவன் பெயருக்குக் காதைக் கொடுத்துக் காத்திருக்காமல், வெயிலில் எங்கேயாவது நடந்துகொண்டிருக்க வேண்டும்.

"மெக்சிகோவோ? அங்க ஆர் செத்தது?" என்றார் அம்மா.

"ஒருத்தரும் சாகேல்லை அம்மா. சும்மா போவம்."

"சும்மா போறதுக்கு உந்தா பின்னால மலை கிடக்குது. நடந்தே போகலாம்."

"உங்கட லீவு எல்லாம் வீணாப் போகுது."

"ஒவ்வொரு வருசமும்தான் போகுது. ஆருக்கு நட்டம்?"

நான் விடவில்லை. படியேற வேண்டாத ஒரு தங்குவிடுதி பார்த்தேன். உயரமான மலைநாட்டு நகரம் என்பதால் முதல்நாள் நடக்காமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று வைத்தேன். அம்மாவின் பிரஷர் குளிசைக்கு மருத்துவரிடம் கேட்டு வைத்தேன். நகரத்துக்குள் வாய்க்கால்களில் பூ அலங்காரம் செய்த வள்ளங்கள் ஓடுவதைப் போனில் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கடற்கரையில பிறந்தவளைக் கொண்டுபோய் வாய்க்காலில வள்ளம் காட்டப்போறியோ?" என்றார்.

அவரை மாற்றியது நான் அல்ல. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு மெக்சிகோக்காரப் பெண் இருக்கிறார். அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே மாடியில் துப்புரவு வேலை. இரண்டுபேருக்கும் பிரெஞ்சு அரைகுறை. ஆனாலும் பஸ்ஸில் போகவர ஓயாமல் பேசுவார்கள். அவர்தான் தன்னுடைய நகரத்தில் குன்றடியில் இருக்கும் மாதா கோயிலைப் போனில் காட்டியிருக்கிறார். அன்று அம்மா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"பிள்ளை, ரிக்கெற்றைப் போடு. அங்க மாதா இருக்கிறாவாம். எங்கட ஊர் மடு மாதா கோயிலைப்போலக் கன சனம் வருமாம். அண்ணாவுக்கு அங்க பூசை குடுப்பம்."

காரணமில்லாத பயணத்துக்கு ஒரு காரணம் வந்துவிட்டது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் கோயிலுக்கு ஒரு காலைப்பொழுது போனால் மிச்ச நாட்கள் எங்களுடையவை என்று கணக்குப்போட்டு ரிக்கெற்றைப் போட்டேன்.

அம்மா பயணத்தைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கோயில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ர மகளுக்குக் கலியாணம் சரிவர ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ அக்கா," என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைக் கண்ணால் காட்டி, "முதல்ல உவவுக்குக் கொளுத்துங்கோ. படிச்சுப் படிச்சே கிழவியாகப் போறா," என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறந்தநாள் நெருங்குகிற நாட்களில் அவர் சிரித்ததை நான் கண்டது அப்போதுதான். என்னைக் கேலிசெய்ததைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது கீழ்வீட்டுப் பெண் சோள ரொட்டி கொண்டுவந்தார். அம்மா பிளேன்டீ ஊற்றினார். மூன்றுபேரும் குசினி மேசையில் இருந்தோம். அந்தக் கோயிலில் கூட்டம் அதிகம், தன் அக்கா அங்கே இருக்கிறார், அவர் முன்கூட்டியே போய்ப் பூசைக்குச் சொல்லிவைப்பார் என்றார் அந்தப் பெண். பூசைக்கு என்ன பெயர் கொடுப்பது என்று கேட்டார். பிறகு, உயிரோடு இருப்பவருக்கா, இறந்தவருக்கா என்று கேட்டார்.

மருத்துவர், வங்கி, வீட்டுக்காரன் என்று அம்மாவுக்கு எல்லோருடைய பேச்சையும் மொழிபெயர்த்தவள் நான். அந்தக் கேள்வியை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. இறந்தவர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் ஏன் காலியானது என்று துப்புரவுக்காரரிடம் சொல்லும்போது அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

"நோன், நோன்," என்று பிரெஞ்சில் அவசரமாக மறுத்தார் அம்மா. என்னிடம் திரும்பி, "காணேல்லை எண்டு சொல்லு. சண்டையில காணாமப் போனவன். உயிரோட எண்டு குடுக்கச் சொல்லு."

நான் சொன்னேன். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கள் நாட்டிலும் அப்படி நிறையப் பேர் என்றார். தன் ஒன்றுவிட்ட அக்காவின் மகனும் ஒருவன். தாய்மார் பிள்ளைகளின் படத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு அந்த மாதாவிடம் நடந்து வருவார்கள். நீ அங்கே தனியாக இருக்கமாட்டாய் என்றார். எனக்கு இது ஆறுதலாகத் தெரிந்தது. ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன்.

"எவ்வளவு காலமா வருகினமாம்?"

கேட்டேன். "சில பேர் பதினைஞ்சு, இருபது வருசமாம்."

"ஆருக்கேனும் பிள்ளை கிடைச்சதாமோ? கேள்."

அந்தப் பெண் தாழ்ந்த குரலில் ஒரு வசனம் சொன்னார்.

"சில பேருக்கு எலும்பு கிடைச்சதாம், அம்மா."

அம்மா கையை விடுவித்துக்கொண்டு எழும்பினார். அவருடைய கோப்பையில் தேத்தண்ணீர் இன்னும் இருந்தது. அதன்மேல் மறுபடியும் ஊற்றினார்.

"சொந்த ஊர்த் தாய்மாருக்கே மாதா ஒண்டும் சொல்லேல்லை. பாசை தெரியாத எனக்கு என்னத்தைச் சொல்லப்போறா?"

அம்மா என்ன சொன்னார் என்று அந்தப் பெண் கேட்டார். உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றேன்.

அவர் போனபிறகு, "ரிக்கெற்றை விடு," என்றார் அம்மா.

"கோயிலுக்குப் போகவேண்டாம் அம்மா. சும்மா போவம். நாலு நாள்தானே?"

"நீ போ. நான் மறிக்கேல்லை."

நான் அன்றும் கேட்டேன், மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் அம்மா ஆஸ்பத்திரியில் லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த ஞாயிறு வழக்கம்போலக் கோயிலுக்குப் போனோம். பெயர்களை வாசித்தார்கள். சுகத்துக்காக ஒப்புக்கொடுத்தவர்களின் பெயர்கள் முடிந்துவிட்டன. அண்ணாவின் பெயர் வரவில்லை. தவறவிட்டுவிட்டார்களோ என்று அம்மாவைப் பார்த்தேன். அவர் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறந்தவர்களின் பெயர்கள் தொடங்கின. எத்தனையோ வருடமாக நான் மனதுக்குள் அவனை வைத்திருந்தது அந்த வரிசையில்தான். ஆனாலும் ஒவ்வொரு பெயருக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதிலும் வரவில்லை.

வெளியே வந்தபோது ஒரு பெண், "என்னக்கா, மெக்சிகோ போகேல்லையோ?" என்று கேட்டார்.

"லீவு தரேல்லை," என்றார் அம்மா.

பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. கொஞ்சத் தூரம் போனபிறகு, "ஏன் அம்மா இந்தமுறை பூசை குடுக்கேல்லை?" என்று கேட்டேன்.

"எந்த வரிசையில குடுக்கிறது?" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார். "நீ படிச்சனி. நீ சொல்லு."

எங்கள் பஸ் தரிப்பு வரும்வரை நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டாம்முறை கேட்கவில்லை.