தொடைக் கொழுப்பும் இடது கன்னமும்

என் இடது கன்னத்தில் ஒரு பள்ளம் இருந்தது. பதினாறு வயதில் அங்கே ஒரு சீழ்க்கட்டி வந்து, அறுத்துச் சுத்தம் செய்தார்கள். புண் ஆறியது; சதை மட்டும் திரும்ப வரவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று வலது பக்கம் தெரியும்படி உட்கார வைத்தார்கள். பிறகு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தபோது, இடது பக்கம் சுவர் இருக்கிற நாற்காலியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அது சலித்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு பெண்மணி, "பல்லு வலியா மா?" என்று பரிவோடு கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். மாலை எங்கள் ஊர் பாகூருக்குப் பேருந்தில் திரும்பும்போது அவர் கேட்டதை விட நான் சொன்ன பொய்தான் என்னைக் குடைந்தது. உடம்பிலிருந்தே கொழுப்பை எடுத்துப் பள்ளத்தில் நிரப்புகிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அன்று வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

முதலில் போனது டவுனில் ஓர் அழகு நிலையம். கைபேசியில் அவர்கள் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் என் கன்னத்தைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இது ஒண்ணுமே இல்ல மா. ஒரே சிட்டிங். மத்தியானம் சாப்பாட்டுக்கு வூட்டுக்குப் போயிடலாம். ஆயுசுக்கும் அப்படியே நிக்கும்."

"யாரு பண்ணுவாங்க?"

"எங்க டீம் மா."

"டாக்டரா? அவரு பேரு, படிப்பு, பதிவு நம்பர் எல்லாம் காட்டுங்க."

அவள் முகம் மாறியது. "இவ்ளோ கேள்வி யாருமே கேக்கறதில்ல மா."

நாள் முழுக்க சான்றிதழும் நகலும் கேட்டே பிழைக்கிறவள் நான். "நான் கேக்கறேன்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

என் கணவர் கரும்பு போடுகிறவர். கொல்லையில் கை கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாடி புதுசா? இத்தினி வருசத்துல நான் எதுனா சொல்லியிருக்கனா?"

"நீங்க சொல்லல. உங்களுக்காவ பண்ணிக்கல."

"பின்ன யாருக்கு?"

"எனக்கு."

அவர் மறுபடியும் கால் கழுவ ஆரம்பித்தார். முன்பே கழுவிய கால்.

அவருடைய அக்கா அபிஷேகப்பாக்கத்தில் இருக்கிறார். செய்தி கேட்டு மறுநாளே வந்துவிட்டார். "பொண்ணு காலேஜ் போவுது, அம்மாக்காரி கன்னத்த ரொப்பிக்கினு வந்து நிக்கப் போறியா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணி. அவங்களுக்கு ரெண்டு கன்னமும் நல்லா இருக்கு, தாராளமா சிரிக்கலாம்."

அண்ணி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

விசாரித்து, ஒரு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். என் வயதுப் பெண். அவர் என் கன்னத்தைத் தொடும் முன் கேட்டது, "யாராவது சொல்லி வந்தீங்களா?" என்றுதான். இல்லை என்றேன். அதன் பிறகுதான் விளக்கை இழுத்துப் பார்த்தார்.

அவர் எதையும் இனிப்பாகச் சொல்லவில்லை. தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி, சுத்தம் செய்து, கன்னத்தில் துளித்துளியாக வைப்போம் என்றார். "வைக்கிறது எல்லாமே உயிர் பிடிக்காதுமா. ஒரு பங்கை உடம்பே கரைச்சிடும். எவ்வளவுன்னு முன்கூட்டி என்னால சொல்ல முடியாது. முதல்ல வீங்கிப் பெரிசா தெரியும். அதைப் பாத்து சந்தோஷப்படாதீங்க. மூணு நாலு மாசம் கழிச்சு நிக்கிறதுதான் கணக்கு. ரெண்டாவது தடவை தேவைப்படலாம். அப்பவும் ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி ஆயிடும்னு வாக்கு தரமாட்டேன்."

சீழ் பிடிக்கலாம், கட்டி தட்டலாம் என்றார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது ரொம்ப அபூர்வம். ஆனா சொல்லாம விடமாட்டேன். கொழுப்பு ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா கண் பார்வை போகலாம், பக்கவாதம் வரலாம்."

எழுந்து போயிருப்பேன். ஆனால் ஆயுசுக்கும் நிற்கும் என்று சொன்னவளை விட, கண் போகலாம் என்று சொன்னவர் மேல்தான் நம்பிக்கை வந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார். யோசித்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் பார்த்தார்கள். சாப்பிடுகிற மாத்திரை ஒவ்வொன்றையும் எழுதித் தரச் சொன்னார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் அவர்களைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாதாம். எடை ஏறி இறங்கினால் கன்னமும் ஏறி இறங்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஆடி மாதம் அறுவை நடந்தது. கன்னம் அவ்வளவாக வலிக்கவில்லை, தொடைதான் வலித்தது. அடித்துத் துவைத்த மாதிரி ஊதா நிறத்தில் கன்றிப்போய், இறுக்கமான உறை போட்டுக்கொண்டு, பல நாள் கால்களை அகட்டியே நடந்தேன். கன்னத்தை அழுத்தக் கூடாது என்பதால் தலையணையை உயர்த்தி மல்லாந்து படுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணி போன் செய்தார். "பல்லு புடுங்கினேன்னு சொல்லு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. அன்று வரி கட்ட வந்தவர்கள், சான்று கேட்டு வந்தவர்கள், உடன் வேலை செய்கிறவர்கள், யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னேன்: "தொடையிலேர்ந்து கொழுப்ப எடுத்து கன்னத்துல வச்சிருக்காங்க." சிலர் சிரித்தார்கள். ஒருவர், "இந்த வயசுலயா?" என்றார். "இந்த வயசுலதாங்க என் கையெழுத்து நானே போட முடிஞ்சிது" என்றேன். ரசீதை வாங்கிக்கொண்டு அவர் நகர்ந்தார்.

கார்த்திகை வந்தபோது வீக்கம் எல்லாம் போய், பள்ளம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. மீதி கரைந்துவிட்டது. அண்ணி என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பாத்தியா, எல்லாம் கரைஞ்சி பூடுச்சி."

"எல்லாம் இல்ல அண்ணி, கொஞ்சம். கரையும்னு டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க."

"ஏமாந்துட்டன்னு ஒத்துக்கயேன்."

"ஏமாறல. தெரிஞ்சிதான் போனேன்."

இரண்டாவது தடவை செய்துகொள்ளப் போகிறேன் என்று அன்றிரவு சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "இந்த வாட்டி எந்தத் தொட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டுல எதுலன்னு அவங்கதான் சொல்லணும்."

"கரும்பு வெட்டு முடியட்டும். நான் கூட்டினு போறேன். போன வாட்டி ஆட்டோவுல நொண்டினு வந்து எறங்கின."

பங்குனியில் அழைத்துப் போனார். வெளியே பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்திருந்தார். அறுவைக்கு முன் டாக்டர், எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் அவருக்கும் ஒருமுறை சொன்னார். கேட்டுவிட்டுக் கணவர் என்னை விட அதிகம் பயந்தார்.

இப்போது இன்னும் ஒரு சிறு சரிவு இருக்கிறது. பக்கவாட்டு வெயிலில் நின்றால் தெரியும். மூன்றாவது தடவையும் செய்யலாம், அவசரமில்லை என்றார் டாக்டர். "இது போதும்" என்றேன். அண்ணிக்கு அதிலும் குறைதான்: "இவ்ளோ தூரம் பண்ணிட்டு, முழுசா முடிக்காம வுட்டுட்டியே?"

"எனக்கு முடிஞ்சிது அண்ணி" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனேன்.