எண்ணுக்கு முன்னால் நின்ற கோடு

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். எழுபதுகளின் நடுவில் மரக்காணம் உப்பளத்தில் வேலை கேட்டபோது எட்டாவது என்று சொன்னேன். பாத்தி மிதிக்க ஆட்கள் நிறைய இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கொட்டகையில் நிழல் கிடைத்தது.

காலையில் உப்புநீரில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, நீரின் கெட்டி எத்தனை டிகிரி என்று பார்த்து எழுத வேண்டும். பெரிய தொட்டியின் நீர் இருபத்துநாலைத் தொட்டால்தான் உப்பு விளையும் பாத்திக்கு மடை திறப்பார்கள். அதற்குக் குறைந்த நீர் போனால் விளைந்த உப்பையும் கரைத்துவிடும். நீரின் சூட்டையும் அளந்து, சுவரில் ஒட்டியிருந்த அட்டைப்படி டிகிரியைத் திருத்த வேண்டும். அட்டையில் முப்பது டிகிரிச் சூட்டுக்கு நேராக 0. சூடு ஏறினால் +¼, +½. குளிர்ந்த நீருக்கு −¼, −½.

கழித்தல் குறி எனக்குத் தெரியும். இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கும். முன்னால் ஒன்றுமே இல்லாமல் தனி எண்ணின் தலைமாட்டில் நிற்கும் கோட்டை நான் பார்த்ததில்லை. எதிலிருந்து கழிப்பது? கேட்டால் எட்டாவது பொய் என்று தெரிந்துவிடும். ஏதோ அலங்காரத்துக்குப் போட்ட கோடு என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கூட்டினேன்.

மூன்றாம் நாள், தை மாதக் குளிரில், குழல் இருபத்துமூன்றரை காட்டியது. அட்டையில் −½. கூட்டி இருபத்துநாலு என்று எழுதினேன். மேஸ்திரி சீட்டைப் பார்த்து மடை திறக்கச் சொன்னார்.

அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டவர்கள் வானூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும். இருபது நாள் தரையை மிதித்து இறுக்கியிருந்தார்கள். முதல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, மறுநாள் வாரவேண்டியது. புருஷன்காரர் தொட்டி நீரை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“இன்னும் பதம் வர்லீங்க. வழுக்கவே இல்ல.”

“எட்டாவது படிச்சவன் எழுதிட்டான். உன் வெரலு எத்தினியாவது படிச்சிது?” என்றார் மேஸ்திரி.

சிலர் சிரித்தார்கள். புருஷன்காரர் மடைப்பலகையைத் தூக்கினார்.

கொட்டகைக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெயில் ஏறியதும் யாரும் சொல்லாமலே தொட்டியில் மறுபடி குழலை விட்டேன். இருபத்துமூன்று. சூடு முப்பது. அட்டையில் 0; கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆக நீர் இருபத்துமூன்றுதான். காலையில் இருபத்துநாலு என்று எழுதியிருக்கிறேன். வெயிலில் கிடக்கும் உப்புநீர் கெட்டிப்படுமே தவிர, இளகுவது எங்கும் கிடையாது.

அட்டையை மேலிருந்து கீழே பார்த்தேன். −½, −¼, 0, +¼, +½. குளிரிலிருந்து சூட்டுக்கு ஒரே படியாக ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் சுழி. சுழிக்கு இந்தப் பக்கம் கூட்டு, அந்தப் பக்கம் குறை. எதிலிருந்து என்றால், நான் குழலில் பார்த்த எண்ணிலிருந்து. இருபத்துமூன்றரையில் அரை போனால் இருபத்துமூன்று. காலையிலும் அதேதான்.

எந்த ஊரிலும் தப்பு நடந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது என் வழக்கம். பை கையெட்டும் தூரத்தில் தொங்கியது. திண்டிவனம் பஸ் வரும் நேரம்தான். மடை இன்னும் திறந்திருந்தது. பையை விட்டுவிட்டு வரப்பில் ஓடினேன்.

“மூடுங்க. தண்ணி இருபத்திமூணுதான். நான் தப்பா கூட்டிட்டேன்.”

புருஷன்காரர் பலகையை இறக்கி, இடுக்கில் சேற்றை அப்பினார். மடையோரம் உப்பு கரைந்து, கறுப்புத் தரை ஈரமாகத் தெரிந்தது. அது எதுவரை பரவும் என்று மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பாத்தியில் கால்வாசியில் நின்றது.

மேஸ்திரி வந்து, “டேய், நெஜமா எத்தினியாவது படிச்ச?” என்றார்.

“அஞ்சு.”

அந்தப் பெண் கரைந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அஞ்சுன்னே சொல்லியிருந்தா மிதிக்க வந்திருப்ப. இப்ப மட்டும் இன்னா, மிதிக்கத்தான் போற” என்றாள்.

கொட்டகை வேலை அன்றோடு போனது. மறுநாள் அவர்கள் முக்கால் பாத்தி உப்பை வாரிக் குவித்தார்கள். கால் பாத்தியை நான் ஐந்து நாள் மிதித்தேன். குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி எரிந்தது. ஆறாம் நாள் புருஷன்காரர் அந்த இடத்தைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.