கிளை விடாத மாவுச்சத்து

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் ஒரு மாவு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கோதுமை மலாய் நாட்டில் விளைவதில்லை, கப்பலில் வருகிறது. வந்ததை அரைத்து, பிசைந்து, சுட்டுப் பார்த்து, எதற்கு உதவும் என்று சொல்வது என் பொறுப்பு. எங்கள் பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். குடும்பத்தில் முதன்முதலில் ஆய்வுக்கூட அங்கி மாட்டியவள் நான்தான். அதை என் அண்ணன் ஈப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அண்ணனுக்கு ரொட்டி சானாய் கடை; பரோட்டா போல மாவை வீசிச் சுடும் ரொட்டி அது. சென்ற ஆண்டு அவருக்கு இனிப்புநீர் நோய் என்று தெரியவந்தது. சீனியை விட்டார், சோற்றைக் குறைத்தார். ஆனால் தன் கையால் வீசிய ரொட்டியைத் தானே ஆசைப்பட்டபடி தின்ன முடியாததுதான் அவரை வாட்டியது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புதுரகக் கோதுமை மாவு சோதனைக்காக எங்கள் ஆலைக்கு வந்தது. மேலாளரிடம் கேட்டு ஒரு பையை அண்ணன் கடைக்கு எடுத்துப் போனேன்.

"மாவுச்சத்துல ரெண்டு வகை இருக்குண்ணே. ஒண்ணு நூல் மாதிரி நேரா இருக்கும். இன்னொண்ணு மரம் மாதிரி கிளை விட்டிருக்கும். கிளை விட்டது சீக்கிரம் செரிச்சு ரத்தத்துல சீனிய ஏத்திடும். இந்தக் கோதுமையில கிளை விட வைக்கிற மரபணு கெட்டுப் போயிருக்கு. அதனால நேரானதுதான் நெறைய, அது மெதுவாத்தான் செரிக்கும்."

"கெட்டுப்போன கோதுமையவா எனக்குக் கொண்டாந்த?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அழுகல் இல்லண்ணே, எழுத்துப்பிழை மாதிரி. கோதுமைக்குள்ள அந்த மரபணு மூணு இருக்கு. ஒண்ணு கெட்டா மத்த ரெண்டும் அந்த வேலையப் பாத்துக்கும். மூணுலயும் பிழை இருந்தாத்தான் மாவு மாறும். அந்த மூணு பிழையையும் தனித்தனியாத் தேடிப் பிடிச்சு, கலப்பு செஞ்சு, ஒரே செடியில சேத்திருக்காங்க."

"போலே லா, சரி. பிசைஞ்சு பாப்போம்."

முதல் உருண்டை வீசியதுமே கிழிந்தது. "சுசா லா இது, ரொம்பக் கஷ்டம், பாப்பா," என்றார். இந்த மாவு தண்ணீரை அதிகம் இழுக்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருந்தேன். தண்ணீரைக் கூட்டினேன்; கையில் ஒட்டியது. அண்ணன் அதில் பாதி அளவுக்கு வழக்கமான மாவைச் சேர்த்து, எண்ணெய் தடவி, எப்போதையும் விட அதிக நேரம் ஊறவிட்டார். பிறகு வீசினார். மாவு மெல்லிய துணிபோல விரிந்து கல்லில் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம்.

அண்ணன் ஆற அமரத் தின்றார். "கொஞ்சம் அழுத்தமா இருக்கு. ஆனா ரொட்டிதான்."

பிறகு விரலில் குத்தி ரத்தத்தில் சீனியைச் சோதித்தார். வழக்கமான ரொட்டிக்கு ஏறும் அளவுக்குச் சீனி ஏறவில்லை. ஒரு தடவையை நம்பாதீர்கள், மருந்தை நிறுத்தாதீர்கள் என்றேன். மருத்துவரிடம் சொல்லிவிட்டு வேறு சில காலைகளிலும் சோதித்தார். அப்போதும் ஏற்றம் குறைவாகவே இருந்தது.

அந்தக் கோதுமையை உருவாக்கிய குழுவிலிருந்து ஒருவர் ஆலைக்கு வந்தபோது, மேலாளர் ரொட்டி செய்து காட்டச் சொன்னார். அண்ணனை அழைத்தேன். தேய்த்த சட்டையும் கால்சட்டையுமாக வந்து, எங்கள் சோதனை மேசைமேல் ரொட்டி வீசினார். வந்தவர் வாய் பிளந்து பார்த்தார். தண்ணீர் அளவையும் ஊறும் நேரத்தையும் யார் கண்டுபிடித்தது என்று மலாயில் கேட்டார்.

அண்ணன் என்னைக் காட்டினார். நான் அண்ணனைக் காட்டினேன்.

"ரெண்டு பேரும்தான்னு சொல்லு லா," என்று என் காதருகே சொன்னார் அண்ணன். அப்படியே சொன்னேன். பட்டம் வாங்கிய நாளில்கூட என் நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை.

வந்தவர் வெறும் ரொட்டியைப் பிய்த்து வாயில் போடப் போனார். அண்ணன் அவசரமாகத் தடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பருப்புக் கறியைத் திறந்து வைத்தார்.